பின்கோட்டில் ஒரு குதிகால்

பெல்ஃபோர்டு, அலபாமா
1974 அக்டோபர் 6

அன்புள்ள ஹார்லன் அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பகல் முழுக்க நின்று முடி வெட்டுகிறவன் வீட்டுக்கு வந்தாவது காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? ஐரீன் அண்ணிக்குச் சர்க்கரை இறங்கியதா?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. ஓப்பல் பிறந்து ஏழு வாரத்தில் நான் உட்கார்ந்து எழுதும் முதல் கடிதம் இதுதான். தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். முழித்திருந்தால் ஏன் தூங்கவில்லை என்று பார்க்கிறேன். பால் புட்டியை இரண்டு முறை கொதிக்க வைக்கிறேன். "நீ அம்மாவா, நடுவரா? எந்நேரமும் விசில வாயிலயே வெச்சிருக்கியே" என்று லாமர் சிரிக்கிறான்.

இதோடு ஒரு பத்திரிகைத் துண்டு வைத்திருக்கிறேன். எங்கள் ஹாலோவே கல்லூரியின் பழைய மாணவர் பத்திரிகையில், எங்கள் அணிச் சின்னத்தின் பெயரில், 'வருங்காலக் கொக்குகள்' என்று புதுக் குழந்தைகளைப் போடுவார்கள். நான்தான் எழுதி அனுப்பினேன். மூன்றாவது படம் பார். எங்கள் கல்லூரி நிறத்தில் நீலக் குல்லாய்! கீழே, 'ஓப்பல், லாமர் - வெர்லா டாட்டம் தம்பதியின் மகள், 14 மேப்பிள் தெரு, பெல்ஃபோர்டு.' உங்கள் டெல்மோர் கழுதைகளுக்கு இனி இந்தக் குடும்பத்தில் லாயம் கிடையாது அண்ணா. வயிறு எரியட்டும்.

இன்னொரு செய்தி. நவம்பர் 23ஆம் தேதி நம் இரண்டு கல்லூரியும் மோதும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு லாமரை நடுவர்களில் ஒருவனாகப் போட்டிருக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடத்தில் தச்சுவேலை சொல்லித் தருகிறவன், சனிக்கிழமைதோறும் எட்டு வருஷமாகச் சின்ன ஆட்டங்களில் ஓடி ஓடி, இப்போதுதான் பெரிய மைதானத்தில் கால் வைக்கிறான். அவன் இரண்டு கல்லூரியிலும் படிக்காததால் நடுவர் வாரியத்துக்கு ஆட்சேபணை இல்லை. மனைவி எங்கே படித்தாள் என்று படிவத்தில் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன் கடையில் வாயை விட்டுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை வெர்லா


டெல்மோர், அலபாமா
அக்டோபர் 17

வெர்லா குட்டிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. ஐரீனுக்குச் சர்க்கரை குறைந்தது, நாக்கு குறையவில்லை. மருமகள் எடை கூடியிருக்கிறாளா?

உன் துண்டைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டேன். மேலே மையால் கொட்டை எழுத்தில், 'காப்பாற்றுங்கள்! என் மருமகளைக் கொக்கு தூக்கிப் போகிறது!' என்று எழுதியிருக்கிறேன். வருகிறவன் எல்லாம் சிரிக்கிறான். எதிர்க்கடை ஹாய்ட் கிரைம்ஸ், தீவனக் கடைக்காரன், உனக்குத் தெரியுமே, அவன் சொன்னான்: "பாப்பாவ ஒரு வாரம் எங்கிட்ட அனுப்பு ஹார்லன். கழுதைப்பால் குடுத்து வழிக்குக் கொண்டுவந்துடறேன்." ஆட்டத்துக்கு அவன்தான் வழக்கம்போல் டிக்கெட் வாங்கித் தருகிறான். எந்தப் பக்கம் கிடைக்குமோ தெரியாது.

மாப்பிள்ளை விஷயத்தில் என் வாய்க்குப் பூட்டு.

அப்பாவின் சட்டம் ஞாபகம் இருக்கிறதல்லவா? தோற்ற கட்சிக்காரர் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் கடிதம் எழுத வேண்டும். ஜெயித்தவர்களிடம் தன் கண்ணால் பார்த்த மூன்று நல்ல விஷயம். பொய் சேர்க்கக் கூடாது. எதிராளியிடம் நல்லதைப் பார்க்கத் தெரியாதவன் ஆட்டம் பார்க்கவே வரக் கூடாது என்பார். இந்த வருஷம் நீ எழுத வேண்டியிருக்கும். பேனாவில் மை ஊற்றி வை.

ஓப்பலுக்கு என் முத்தம். குல்லாய் இல்லாமல்.
அண்ணன் ஹார்லன்


பெல்ஃபோர்டு
நவம்பர் 27

அன்புள்ள அண்ணா,

சுகமா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறும் போய்விட்டது, திங்களும் போய்விட்டது. தோற்றவர் எழுத வேண்டிய கடிதம் வரவில்லை. அதனால் ஜெயித்தவள் எழுதுகிறேன். ஜெயித்த மாதிரி இல்லை.

நான் வானொலியில்தான் கேட்டேன். நாங்கள் பதினேழு, நீங்கள் பதினான்கு, நாற்பது வினாடி பாக்கி. உங்கள் பையன் எகிறிப் பந்தைப் பிடித்தான், ஆட்டம் உங்களுக்கு என்றார்கள், உங்கள் கூட்டம் போட்ட சத்தத்தில் ஓப்பல் வீரிட்டாள். பிறகு அறிவிப்பாளன், "இல்லை, இல்லை, நடுவர் கையை ஆட்டுகிறார், குதிகால் பின்கோட்டில் பட்டுவிட்டதாம், பிடித்தது செல்லாதாம்" என்றான். எந்த நடுவர் என்று அவன் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்கோட்டில் நிற்பவன் லாமர்.

வீட்டுக்கு வந்தவன் சட்டையில் யாரோ ஊற்றிய பானம். "பட்டுச்சு வெர்லா. கோட்டுச் சுண்ணாம்பு பறந்தத பாத்தேன். நீ என்னப் படுத்தாத, பட்டுச்சு" என்றான். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

திங்கள்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"டாட்டம் வீடா?"

"ஆமா. யார் பேசறது?"

"ஓப்பல் நல்லா இருக்குதா? நீலக் குல்லாயோடதான் தூங்குதா?"

அவ்வளவுதான். வைக்கவும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நேற்றும் அதே நேரம். இன்றைக்கு அடித்தபோது நான் எடுக்கவில்லை. இருபத்தாறு முறை அடித்தது.

குழந்தையின் பெயர் அவர்களுக்கு எப்படித் தெரியும் அண்ணா? குல்லாய் எப்படித் தெரியும்?

உடனே எழுது.
வெர்லா


டெல்மோர்
டிசம்பர் 10

அன்புள்ள வெர்லா,

நலம். நலமறிய ஆவல். ஐரீன் கேட்டதாகச் சொன்னாள். கடையில் கூட்டம், அதனால் தாமதம்.

ஹாலோவேயில் நான் பார்த்த நல்லவை: ஒன்று, பந்தை உதைக்கும் உங்கள் ஆள். நாற்பத்தேழு கெஜம், எதிர்க்காற்றில். இரண்டு, எங்கள் ஆள் கால் பிசகி விழுந்தபோது உங்கள் வாத்தியக் குழு வாசிப்பை நிறுத்தியது. மூன்றாவது இன்னொரு நாள் எழுதுகிறேன்.

தொலைபேசிக்காரர்கள் நான்கு நாளில் அலுத்துவிடுவார்கள். நம்பரை மாற்றிக்கொள். கதவைப் பூட்டு. லாமரைக் கொஞ்ச நாள் வெளியே சுற்ற வேண்டாமென்று சொல்.

ஹார்லன்


பெல்ஃபோர்டு
டிசம்பர் 14

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். அண்ணி சௌக்கியம்தானே?

நேற்றுக் காலை தபால் பெட்டியில் ஒரு செத்த கொக்கு தொங்கியது. நிஜக் கொக்கு. கழுத்தில் கயிறு. கீழே ஒரு காகிதம் குத்தியிருந்தது. பத்திரிகைத் துண்டின் நகல். ஓப்பலின் படத்தைச் சுற்றி வட்டம். இதே காகிதம் வாரியத்துக்கும், லாமர் பள்ளிக்கூடத்துக்கும், நம் ஊர்ப் பத்திரிகைக்கும் போயிருக்கிறது. 'நடுவரின் மகள் வருங்காலக் கொக்கு. ஆட்டத்தைத் திருடியது யார் என்று இனியும் கேட்பீர்களா?'

லாமரிடம் நான் இந்தத் துண்டைப் பற்றிச் சொன்னதே இல்லை. பெருமையில் அனுப்பிவிட்டேன், விலாசத்தோடு. நேற்றுத்தான் சொன்னேன். அவன் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தான். பிறகு, "விலாசத்தையுமா போட்ட?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருக்கலாம்.

துணை ஷெரீப் வந்து பார்த்தார். "பசங்க விளையாட்டும்மா. ஆட்டம் அப்படிப்பட்ட ஆட்டம்ல" என்று சொல்லிவிட்டுக் கொக்கை எடுத்துப்போகக்கூட இல்லை. அவர் விரலில் டெல்மோர் கல்லூரி மோதிரம்.

அண்ணா, அந்த நகலின் மேல் விளிம்பில் பாதி வெட்டுப்பட்ட மை எழுத்து இருக்கிறது. 'காப்பாற்று' என்பது வரைக்கும் படிக்க முடிகிறது. அது உன் கையெழுத்து.

உன் கண்ணாடியிலிருந்து இதை யார் எடுத்தது? நீ அன்றைக்கு மைதானத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாய்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

வெர்லா


டெல்மோர்
டிசம்பர் 30

அன்புள்ள வெர்லா,

உங்கள் எல்லாருக்கும் புது வருஷம் நல்லபடி பிறக்கட்டும்.

துண்டு என் கடையிலிருந்துதான் போயிருக்கிறது. ஆட்டம் முடிந்த திங்கட்கிழமை பார்த்தபோது கண்ணாடியில் பசை மட்டும் இருந்தது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வேடிக்கைக்கு ஒட்டினேன், சத்தியமாக வேடிக்கைக்குத்தான். யார் எடுத்தார்கள் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கடைக்குப் பத்துப் பேர் வருகிறார்கள், போகிறார்கள்.

நீயும் குழந்தையும் ஒரு மாதம் மோபைல் நகரத்தில் சித்தி வீட்டுக்குப் போய் இருங்கள். நான் சித்திக்கு எழுதிவிட்டேன்.

ஐரீன் ஓப்பலுக்குப் பின்னிய ஸ்வெட்டர் இதோடு வருகிறது. வெள்ளை நிறம்.

ஹார்லன்


பெல்ஃபோர்டு
1975 ஜனவரி 8

அன்புள்ள அண்ணா,

ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது, அண்ணிக்கு என் நன்றி. அவர்கள் உடம்பு தேவலையா? ஓப்பலுக்குச் சளி. மார்பில் கை வைத்தால் கர் கர் என்கிறது. மருத்துவர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று இப்போது யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சித்தி வீட்டுக்கு நான் போகவில்லை. லாமரை இங்கே தனியாக விட்டுப் போக முடியாது. அவன் தூக்கத்தில் கையை ஆட்டுகிறான், செல்லாது, செல்லாது என்று.

வாரியம் 27ஆம் தேதி விசாரணை வைத்திருக்கிறது. இரண்டு கேள்வி. மனைவி ஹாலோவேக்காரி என்பதை ஏன் மறைத்தாய்? குதிகால் கோட்டில் பட்டதா? முதலாவதற்குப் பதில் இருக்கிறது, படிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. இரண்டாவதற்கு அவன் சொல்லைத் தவிர ஒன்றுமில்லை. ஆட்டத்தைப் படம் பிடித்த கேமராவைச் சரியாக அந்த நொடியில் இன்னொரு ஆட்டக்காரன் முதுகு மறைத்துவிட்டது. எதிர்த்தரப்பில் ஒரு மனு போயிருக்கிறதாம். தெற்குக் கோடியில் உட்கார்ந்திருந்த நாற்பத்திரண்டு பேர், கால் உள்ளேதான் இருந்தது, கண்ணால் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விசாரணை அன்றுதான் எங்களுக்குக் காட்டுவார்கள்.

கோட்டில் பட்டது என்று சொல்ல ஹாலோவேக்காரர்கள் நூறு பேர் தயார். ஒருத்தர் சொல்லும் செல்லாது. "டெல்மோர்க்காரன் ஒருத்தன், ஒரே ஒருத்தன் வாயத் தொறந்தா போதும்" என்கிறான் லாமர். அப்படி ஒருத்தன் இருந்தால் இத்தனை நாள் சும்மா இருப்பானா என்று நான் கேட்டேன்.

இது போட்டியா அண்ணா? நீயும் நானும் இருபது வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். தோற்ற அன்றைக்கு நீ என் பிறந்தநாள் கேக்கைத் தின்ன மறுத்திருக்கிறாய். ஆனாலும் அது எனக்குப் பிடித்திருந்தது. நீ இல்லாவிட்டால் எனக்கு ஆட்டமே இல்லை. இவர்களுக்கு நாங்களே இல்லாமல் போக வேண்டும்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை.

வெர்லா


பெல்ஃபோர்டு
ஜனவரி 18

அண்ணா,

உன் கடிதம் இல்லை. நீங்கள் இருவரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஓப்பலின் அறை ஜன்னலில் கல் விழுந்தது. பட்டப்பகலில். சளிக்கு ஆவி பிடிக்க அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தொட்டில் முழுக்கக் கண்ணாடி. தலையணையில் அவள் தலை வைக்கும் குழியில் கல் கிடந்தது. என் கை அளவு. அதைச் சுற்றி ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு மணி நேரமாய் அவளைக் கீழே இறக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு கையால் எழுதுகிறேன், அதனால் எழுத்து இப்படி. எனக்கு வேறு யாரும் இல்லை. நீ பேச வேண்டும். என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் நீ எதையோ பேசாமல் இருக்கிறாய் என்று தெரிகிறது.

வெர்லா


டெல்மோர்
ஜனவரி 21

என் தங்கை வெர்லாவுக்கு,

குழந்தைக்கு ஒன்றும் இல்லையே? உன் கடிதம் திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தது. நின்றபடி படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன்.

தெற்குக் கோடி. மூன்றாவது வரிசை. பின்கோட்டுக்கு நேராக, முப்பதடி தூரம். இடப்பக்கம் ஹாய்ட். அந்தப் பையன் எகிறி இறங்கும்போது வலது குதிகால் கோட்டின் மேல் விழுந்தது. சுண்ணாம்பு எழும்பியது. மாப்பிள்ளை சொன்னது போலவே. நான் பார்த்தேன் வெர்லா.

ஹாய்ட் என் தோளை உலுக்கி, "உள்ளதான இருந்துச்சு? நீ பாத்தல்ல, உள்ளதான?" என்றான். சுற்றிலும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "ஆமா" என்றேன். அந்த ஒரு ஆமாவைத்தான் இரண்டு மாதமாய் மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்பா சட்டப்படி எழுத வேண்டிய கடிதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மூன்றாவதாக எழுத வேண்டியது அதுதான், பின்கோட்டில் நின்ற நடுவர் சரியாகச் சொன்னான் என்பது. எழுத வரவில்லை.

இனி வரும் வரியைப் படிக்கும்போது குழந்தையை லாமரிடம் கொடு. அந்த மனுவை என் கடையில் வைத்துத்தான் எழுதினார்கள். அதில் பதினேழாவது கையெழுத்து என்னுடையது. ஓப்பல் படம் இருந்த பத்திரிகைத் துண்டை எடுத்தவன் ஹாய்ட். அதையும் நான் பார்த்தேன். அவன் முகத்துக்கு நுரை குழைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவன் நாற்காலியில் இருந்தான். பின்னால் இன்னும் நான்கு பேர். கத்தியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஹாய்ட், என் தங்கச்சி வீட்ல தொட்டில்ல கல்லு விழுந்திருக்கு."

"கல்லு நான் போடல ஹார்லன்."

"போட்டவன உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மட்டும்? ஆட்டத்தத் திருடுனவனுக்கு ஒரு ஜன்னல் போனா என்ன?"

"திருடல. குதிகால் கோட்டுலதான் இருந்துச்சு. நான் பாத்தேன். நீயும் பாத்த."

ஒருத்தன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. ஹாய்ட் நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் கண்ணு எப்ப கொக்குக் கண்ணா மாறுச்சு?" என்றான்.

"இது கழுதைக் கண்ணுதான். முப்பது வருசமா உங்கூட உக்காந்து ஆட்டம் பாத்த கண்ணு. தோத்துட்டோம் ஹாய்ட். தோத்தா தோத்ததுதான். பொய்யச் சொல்லி ஜெயிக்கறதுக்கு ஹாலோவே எதுக்கு, நம்மளே நம்மகூட ஆடிக்கலாமே."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாதி சவரத்தோடு எழுந்து போனான். மற்றவர்களும் போனார்கள். கடைசியாகப் போனவன் கதவைச் சாத்தவில்லை.

மதியம் வக்கீலிடம் போய் வாக்குமூலம் எழுதி, முத்திரை வைத்து, வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மனுவில் போட்டது பொய்க் கையெழுத்து என்றும் எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. குழந்தையை ஜன்னல் இல்லாத அறையில் படுக்க வை.

ஹார்லன்


பெல்ஃபோர்டு
ஜனவரி 31

அன்புள்ள அண்ணா,

ஓப்பலுக்குச் சளி இறங்கிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன்.

பத்து நாளாய் எழுதாமல் இருந்ததற்கு நேரமின்மை காரணமில்லை. 'மன்னித்துவிட்டேன்' என்று தொடங்க நான்கு முறை உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அன்றைக்கே நீ சொல்லியிருந்தால் அந்தக் கல் வந்திருக்காது என்று நினைக்கிறேன். நான் விலாசத்தை அச்சில் போடாமல் இருந்திருந்தாலும் வந்திருக்காது என்று உடனே நினைக்கிறேன். இரண்டும் மாறி மாறி வருகிறது. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.

விசாரணையில் லாமரிடம் மனுவை நீட்டினார்கள். பதினேழாவது பெயரில் வைத்த விரலை அவன் எடுக்கவே இல்லையாம். பிறகு தலைவர் உன் வாக்குமூலத்தை உரக்கப் படித்தார். டெல்மோர் தரப்பில் வந்திருந்த பெரியவர் ஒருவர், "இந்த ஆள் எங்க ஊர் நாவிதர். இப்படிச் சொல்றதுல இவருக்கு நஷ்டம்தான். பொய் எதுக்குச் சொல்லணும்?" என்றாராம். லாமரின் தீர்ப்பு நிலைத்தது. லாமருக்கு வேலை உண்டு. நம் இரண்டு கல்லூரி ஆட்டம் மட்டும் இனி கிடையாது. படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி சேர்த்துவிட்டார்கள்.

24ஆம் தேதியோடு இங்கே தொலைபேசி ஓய்ந்துவிட்டது. முதல் நாள் நிம்மதியாக இருந்தது. இரண்டாம் நாள், ஆறு மணிக்கு மணி அடிக்காதபோது, இப்போது எங்கே அடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நீ எழுத மாட்டாய் என்று தெரியும். அண்ணியைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னார்கள். ஆறு மணி மணியும், கடைக் கதவில் கொட்டிய தாரும். ஆறு நாளில் முடி வெட்ட வந்தது மெதடிஸ்ட் பாதிரியார் ஒருத்தர்தான், அவருக்கும் வழுக்கை. நாள் முழுக்க வெள்ளை மேலங்கியைப் போட்டுக்கொண்டு வெறும் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாயாமே.

அண்ணி சொன்னதை லாமரிடம் சொன்னேன். அவன் கண்ணாடி முன்னால் போய் நின்றான். "காதுமேல விழுது. வெட்டணும்" என்றான்.

"இங்க கடை இல்லையா?" என்றேன்.

"மச்சான் கடை சனிக்கிழம தொறந்திருக்கும்ல?"

"எதிர்த்தாப்ல ஹாய்ட் கடை, லாமர். ஊரே சனிக்கிழம தீவனம் வாங்க அங்கதான் நிக்கும்."

"தெரியும். அதான் சனிக்கிழம."

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது அண்ணா. ஓப்பலை அண்ணியிடம் பின்வாசல் வழியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் முன்வாசலில் வரலாமா என்று கேட்டேன். அதுதான் சரி என்று லாமர் சொன்னான். அப்படியே செய்கிறோம். நான் கூட வருவேன், அவனைத் தனியே விட மாட்டேன்.

8ஆம் தேதி, பத்து மணி. கடையைத் திறந்து வை. வெளியே நிற்கிறவர்கள் நன்றாகப் பார்க்கும்படி அவனை முன்பக்க நாற்காலியில் உட்கார வை. அவசரப்பட்டு முடித்துவிடாதே, நிதானமாக வெட்டு.

வெர்லா